தொண்ணூற்றேழு வாசல்களுக்குத் திரும்பிப் போன லிஃப்ட் அக்கா

இன்றைக்கு நான் யாரைச் சந்தித்தேன் தெரியுமா? லிஃப்ட் அக்காவை! நூலகத்துக்கு எதிரே மடக்கு மேஜை போட்டு, காற்றில் தாள் பறக்காமல் இருக்க மேலே ஒரு ஸ்பேனரை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு மணி நேரம் பேசினோம். கேட்டதை அப்படியே சொல்லிவிடுகிறேன், ஆறப்போட்டால் எழுத வராது.

இந்த நகரத்தில் இருபத்தாறு கட்டடங்களின் லிஃப்ட் அவர் பொறுப்பு. நாற்பத்து நான்கு வயது. நீலச் சட்டை, இடுப்பில் டூல் பை, காதோரம் சொருகிய பேனா. பதினெட்டு வருடமாக இந்த வேலை. முதலில் எல்லாரும் "மெக்கானிக் எங்கேம்மா?" என்று அவருக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்களாம். "பின்னாடி யாரும் இல்ல சார், நான் மட்டும்தான்" என்று சொல்லிச் சொல்லியே வாய் வலித்த காலம் அது. இப்போது பெயரைக்கூட யாரும் கேட்பதில்லை. லிஃப்ட் அக்கா என்றால் போதும்.

அந்த வேலையில் முதல் பாடம் ஒன்று உண்டு. லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் உள்ளே இருப்பவரிடம் பேச வேண்டும். மோட்டார் காத்திருக்கும், மனுஷன் காத்திருக்க மாட்டான். பயந்துபோய்க் கதவை நெம்ப ஆரம்பித்தால் ஆபத்து.

போன வருடம் பெரிய ஆஸ்பத்திரியில் அப்படித்தான் நின்றது. இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில். உள்ளே ஒரு ஸ்ட்ரெச்சர், ஒரு நர்ஸ். ஸ்ட்ரெச்சரில் எல்லையிலிருந்து கொண்டுவந்த ஒரு சிப்பாய். போர் தொடங்கி அப்போது இரண்டாவது வருடம். அக்கா மூன்றாவது மாடிக் கதவை ஒரு சாண் திறந்து, தரையில் குப்புறப் படுத்து, இடுக்கு வழியே பேசினார்.

"தம்பி, பயப்படாதீங்க. கயிறு அறுந்தெல்லாம் போகாது. நாற்பது நிமிஷத்துல வெளிய எடுத்துடுவேன்."

"பயமா? எனக்கா?" உள்ளேயிருந்து சிரிப்பு. "ஓடிப் போகக் கால்தான் வேணும்க்கா, அதுவே பாதிதான் இருக்கு."

நர்ஸ் அவனை அதட்டினாள். அக்காவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. பிரேக்கைக் கையால் தளர்த்துவதற்கு உதவியாள் வந்து சேர வேண்டும். அதுவரை எதையாவது பேசியாக வேண்டும். பேசினார். அவன் திடீரென்று கேட்டான்.

"அக்கா, நீங்க ஊரெல்லாம் சுத்தறவங்க. போரைப் பத்தி இங்க எல்லாரும் என்ன பேசிக்கிறாங்க?"

அக்கா யோசித்தார். இருபத்தாறு கட்டடம். ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கிறார்! தண்ணீர் வரவில்லை என்று பேசுகிறார்கள். பார்க்கிங் சண்டை பேசுகிறார்கள். மாடியில் நாய் குரைப்பதைப் பேசுகிறார்கள்.

"ஒண்ணும் பேசறதில்லப்பா" என்றார்.

"ஓ" என்றான். அவ்வளவுதான்.

அந்த "ஓ" அக்காவைத் தூங்கவிடவில்லை. அடுத்த வாரமே நூலகத்தில் கூடும் சிறு குழுவோடு போய்ச் சேர்ந்தார். எட்டுப் பேர்தான். பேருந்து நிலையத்தில் அட்டை பிடித்து நிற்பார்கள், எம்.பி.க்குக் கடிதம் எழுதுவார்கள். நகரசபையில் ஒரு விதி இருப்பதை அவர்களில் ஒருவர் தேடிப் பிடித்திருந்தார். நகரவாசிகள் ஐந்நூறு பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தால், சபை அதை எடுத்து விவாதித்து ஓட்டுக்கு விட்டே ஆக வேண்டும். மனுவில் ஒரே ஒரு கோரிக்கை: போரை நிறுத்தப் பேச்சுவார்த்தை தொடங்கும்படி நம் நகரசபை அரசாங்கத்தைக் கேட்டுத் தீர்மானம் போட வேண்டும்.

"ஒரு நகரசபை சொல்லி போர் நின்னுடுமா?" என்று கேட்டார் அக்காவின் கணவர். அவர் பஸ் டிரைவர்.

"ஒருத்தரும் பேசலைன்னு இனிமே சொல்ல வேண்டியிருக்காதுல்ல" என்றார் அக்கா.

கையெழுத்து வேகமாகச் சேர்ந்தது. ஏழே வாரத்தில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு! குழுவே வாயைப் பிளந்தது. "உன் மூஞ்சியப் பாத்தாலே லிஃப்ட் ஓடாதோன்னு பயந்து போட்டுடறாங்க" என்றார் டிரைவர். அக்காவும் சேர்ந்து சிரித்தார்.

மனு கொடுக்கும் வாரத்தில் பெயர்ப் பட்டியலை நூலகப் பலகையில் ஒட்டிவைக்க வேண்டும், யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்வதற்காக. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் நகரசபை அலுவலகத்தில் மனுவைக் கொடுத்தாக வேண்டும், அதைத் தாண்டினால் எல்லாம் செல்லாது. திங்கட்கிழமை ஒட்டினார்கள். அன்று மத்தியானமே போன் வந்தது.

ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் குடியிருப்போர் சங்கச் செயலாளர். அங்கே எல்லாருக்கும் செயலாளரம்மா. கணக்காக இருப்பவர், குரல் உயராது. உயராத அந்தக் குரலே போதும், மாடியில் செருப்புச் சத்தம்கூட அடங்கிவிடும்.

"லிஃப்டுல என்னம்மா பிரச்சனை?" என்று கேட்டுக்கொண்டே அக்கா போய் நின்றார்.

"லிஃப்ட் நல்லாத்தான் ஓடுது. என் பேரு எப்படிப் போச்சு அந்தப் பலகைக்கு?"

"நீங்கதானேம்மா கையெழுத்துப் போட்டீங்க... போன மாசம்..."

"போன மாசம் நீ பிரேக் மாத்தின. நான் சர்வீஸ் ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட்டேன். ரெண்டு இடத்துல போடச் சொன்ன, போட்டேன். பதினெட்டு வருஷமா நீ நீட்டற தாளை நான் என்னிக்காவது படிச்சிருக்கேனா?"

அக்கா டூல் பையைக் கீழே வைத்தார்.

"என் பையன் அங்க இருக்கான். இந்த நிமிஷம் அங்க நிக்கறான். அவன் சண்டை போடற போருக்கு எதிரா அவன் அம்மா பேரு. அதுவும் அவளுக்கே தெரியாம. யாராவது போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினா அவன் என்ன நினைப்பான்? நல்லா இருக்கா இது?"

நடந்தது இதுதான். வேலை முடிந்ததும் எழுதும் அட்டையில் சர்வீஸ் ரிப்போர்ட்டை வைத்து மாடிக்கு ஒருவரிடம் நீட்டுவது அக்காவின் வழக்கம். எந்தக் கட்டடத்திலும் அதை ஒருவரும் படிப்பதில்லை. விரல் வைத்த இடத்தில் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விடுவார்கள். அந்த அட்டையில், ரிப்போர்ட்டுக்கு அடியிலேயே மனுத் தாளையும் செருகிவைத்திருந்தார். "இதுலயும் ஒண்ணு போடுங்க, போர் வேணாம்னு ஒரு மனு" என்று வாயால் சொன்னதாகத்தான் அவருக்கு ஞாபகம். ஆனால் எல்லாரிடமும் சொன்னாரா? சொன்னபோது அவர்கள் காதில் வாங்கினார்களா, அல்லது அடுப்பில் பால் பொங்குகிறது என்று ஓடிக்கொண்டிருந்தார்களா?

ஏமாற்ற வேண்டும் என்று கடுகளவும் நினைக்கவில்லை. கை பழகிப்போன வேலையை வாய் கவனிக்கவில்லை.

அன்று மாலை சமையலறை மேஜையில் இரண்டு கட்டு தாள்களைப் பரப்பினார். ஒன்று சர்வீஸ் ரிப்போர்ட்டின் நகல்கள், இன்னொன்று மனு. தேதியோடு தேதி ஒட்டிப் பார்த்தார். ரிப்போர்ட்டோடு ஒரே நாளில், ஒரே அட்டையில் வாங்கியவை தொண்ணூற்றேழு.

டிரைவர் எட்டிப் பார்த்தார். "எத்தனை பேரு சண்டைக்கு வந்தாங்க?"

"ஒருத்தங்க."

"அந்த ஒரு பேரை அடி. வேலை முடிஞ்சது. மத்தவங்களுக்கே இல்லாத கவலை உனக்கு எதுக்கு? வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள்தான் இருக்கு. தொண்ணூத்தேழு எடுத்துட்டா நானூத்திச் சொச்சம். அவ்ளோதான், குப்பைத்தொட்டி."

"நீ கையெழுத்துப் போட்டியா?"

"எதுல? மனுவுலயா? முதல் பேரே என்னுதுதானே."

"இல்ல. இந்தப் போருக்கு."

"எனக்கு யாரு தாள் நீட்டினா?"

"அதான் சொல்றேன். நம்மளக் கேக்காமலேயே நம்ம பேரச் சொல்லித்தான் அது நடக்குது. நானும் கேக்காம பேரு எடுத்தா எனக்கும் அவங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

டிரைவர் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார். கடைசியில், "நாளைக்கு எனக்கு ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் முடியுது. எந்தத் தெருவுலேர்ந்து ஆரம்பிக்கணும்?" என்றார்.

முதலில் செயலாளரம்மா வீட்டுக்கே போனார் அக்கா. அவர் கண்முன்னாலேயே பெயரை அடித்தார். மன்னிப்புக் கேட்டார். திரும்பும்போது, "இரு" என்றார் அந்த அம்மா. "அப்படி என்னதான் எழுதியிருக்கு? படி, கேக்கறேன்."

அக்கா படித்தார். ஆறே வரி. செயலாளரம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

"இதுல என் பையன் எங்க இருக்கான்?"

"என்னம்மா?"

"பேச்சுவார்த்தை, தீர்மானம், சபை எல்லாம் இருக்கு. அங்க போனவங்க உசிரோட வீடு வந்து சேரணும்னு ஒரு வார்த்தை இருக்கா? நீங்க போர் வேணாம்னு சொல்லும்போது அவன வேணாம்னு சொல்ற மாதிரியில்ல கேக்குது எனக்கு."

கையெழுத்து வாங்கிய பிறகு மனுவில் ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது, விதி அப்படி. அதை அக்கா சொன்னார். "சரி, போ" என்று கதவைச் சாத்திக்கொண்டார் அந்த அம்மா.

பிறகு மூன்று நாளும் படி ஏறினார்கள். லிஃப்டை விட்டுவிட்டு ஏன் படி என்று கேட்டேன். "ஒவ்வொரு மாடியிலயும் ஆளு இருக்காங்களே, லிஃப்டுல ஏறினா பாதிப் பேரத் தாண்டிப் போயிடுவேன்" என்றார்.

ஒருவர் தாடையில் சோப்பு நுரையோடு கதவைத் திறந்து, "அது தண்ணித் தொட்டிக்குன்னுல்ல நினைச்சேன்! சரி, போருக்கு எதிராவா? ரெண்டாப் போட்டுக்கலாமா?" என்றார். ஒரு அம்மாள், "என்னை மாட்டிவிடப் பாத்தியா?" என்று அக்காவின் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கித் தன் பெயரைத் தாள் கிழியும் அளவுக்கு அடித்தார். ஒரு கல்லூரி ஆசிரியர் முக்கால் மணி நேரம் எதிர்வாதம் பண்ணினார். டிரைவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டார். கடைசியில் ஆசிரியர், "உங்க கூட எனக்கு உடன்பாடு இல்ல, ஆனா சபையில பேசட்டும்" என்று கையெழுத்தைத் தக்கவைத்துக்கொண்டார். கம்பெனி சூப்பர்வைசருக்கும் விஷயம் போய், அவர் போனில் ஒரு மூச்சு விளாசினார். இனி வேலை நேரத்தில் மனுவை வெளியே எடுத்தால் வீட்டுக்குத்தான் என்றார். நியாயம்தான் என்று அக்காவே ஒப்புக்கொள்கிறார்.

தொண்ணூற்றேழில் முப்பத்தாறு பேர் பெயரை எடுக்கச் சொன்னார்கள். மீதி நானூற்று எழுபத்தாறு. வியாழன் முழுக்க, வெள்ளி காலையிலும் குழு புதிதாக அலைந்து பதினைந்து சேர்த்தது. வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்கு நகரசபை அலுவலகத்தின் கவுன்டரில் தாள்களை வைத்தார்கள். குமாஸ்தா விரலில் எச்சில் தொட்டு எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார்.

"நானூத்தித் தொண்ணூத்தொண்ணு. ஒன்பது குறையுதும்மா."

"தெரியும் சார்."

"பலகையில ஐந்நூத்திப் பன்னிரண்டு இருந்துதே? நானே பாத்தேன். அப்படியே கொடுத்திருந்தா நான் வாங்கியிருப்பேன்."

"அதுவும் தெரியும் சார்."

குமாஸ்தா அக்காவை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு தாள்களில் "நிராகரிக்கப்பட்டது" என்று முத்திரை குத்தி, அவற்றை மிக மெதுவாக, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே படிக்கட்டில் அக்கா உட்கார்ந்துவிட்டார். ஏழு வாரம்! பக்கத்தில் டிரைவர். ஒன்பது பேரைத் தன் பஸ்ஸில் ஏற்றிக் கதவைச் சாத்தியிருந்தால் முடிந்திருக்கும் என்றார் அவர். அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததாம். இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது, எனக்கும்தான்.

மறுநாள் காலை செயலாளரம்மாவின் கதவைத் தட்டினார். வேலைக்காக அல்ல. டூல் பை இல்லாமல்.

"மனு தள்ளுபடியாயிடுச்சும்மா. பழசு முடிஞ்சது. இனிமே புதுசா எழுதணும். புதுசுல என்ன வேணா மாத்தலாம்."

செயலாளரம்மா கதவை விரியத் திறந்தார். "உள்ள வா" என்றார். மேஜையில் உட்கார்ந்து, ஒரு தாளில் தானே எழுதினார். அடித்தார், எழுதினார், அடித்தார். கடைசியில் நின்றது ஒரே வரி: "எங்கள் பிள்ளைகளை உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு உடனே பேச்சைத் தொடங்குங்கள்." குழு அதையே மனுவின் முதல் வரியாக வைத்தது.

இன்றைக்கு நான் போனபோது மேஜையின் மறுபக்கம் அந்த அம்மாவும் இருந்தார். வருகிற ஒவ்வொருவரையும் உட்காரவைத்து மனுவை முழுசாக வாசித்துக் காட்டுகிறார். அவசரமாகப் பேனாவைத் தேடியவர் ஒருவரிடம், "வாசிச்சு முடிக்கல. கைய மடியில வைங்க" என்றார். அந்த ஆள் பள்ளிப் பிள்ளைபோல் மடியில் வைத்துக்கொண்டார்!

"நீங்க போட்டாச்சாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"இன்னும் போடல" என்றார். "பையனுக்கு அந்த வரிய அனுப்பியிருக்கேன். அவன் என்ன சொல்றான்னு பாத்துட்டுத்தான். அது என் வீட்டு விஷயம். ஆனா கேக்காம இங்க யாரும் போடக் கூடாது. அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்."

இதுவரை இருநூற்று நாற்பது ஆகியிருக்கிறது. மெதுவாகத்தான் ஏறுகிறது. ஒருவருக்குப் பத்து நிமிடம் ஆகிறதே! ஆனால் வாசிக்கக் கேட்டவர்கள் சும்மா போவதில்லை. ஒரு சலூன்காரர் தன் கடையிலும் வாசிக்கிறேன் என்று இரண்டு தாள் வாங்கிப் போனார். ஒரு நர்ஸ் தன் சங்கக் கூட்டத்தில் பேச அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை, நூலக வாசலுக்கு நேர் எதிரே. தயவுசெய்து ஒரு நடை போய்வாருங்கள். கையெழுத்துப் போடத்தான் வேண்டும் என்பதில்லை, போய் உட்கார்ந்து கேளுங்கள். வாதம் பண்ணத் தோன்றினால் பண்ணுங்கள், இருவரும் சளைத்தவர்கள் இல்லை. போக முடியாதவர்கள் இதை நாலு பேருக்காவது அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன் படித்துவிட்டு அனுப்புங்கள்.