முக்காலி டாக்டரின் செவ்வாய்க்கிழமைகள்

அந்த மருத்துவக் கல்லூரியின் அறுவைச் சிகிச்சைத் துறையில் அவருக்கு முக்காலி டாக்டர் என்று பெயர். அவர் உயரம் குறைந்தவர். பணியில் சேர்ந்த முதல் நாளன்று, அறுவை மேசையைச் சற்றுத் தாழ்த்த முடியுமா என்று கேட்டார். அந்த மேசை அதற்குக் கீழே இறங்காது என்று சொல்லிவிட்டார்கள். மூத்த செவிலி எங்கிருந்தோ ஓர் இரும்பு மேடையைத் தேடிக் கொண்டுவந்து அவர் காலடியில் போட்டார். அதற்கு நான்கு கால்கள் இருந்தன. பெயர் வைத்தவர்கள் அதையெல்லாம் எண்ணிப் பார்க்கவில்லை.

அன்று முதல் அதன்மேல் நின்றே அவர் குடல் அறுவைகளைச் செய்தார். அவர் கை படிந்த வயிற்றில் தையல் பிரிவதில்லை என்று செவிலியர் பேசிக்கொள்வார்கள். தம் வீட்டார் யாருக்கேனும் அறுவை என்றால் அவர்கள் செவ்வாய்க்கிழமைக்குத்தான் நாள் கேட்பார்கள். அறுவை அரங்கம் கிழமைவாரியாக மருத்துவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. செவ்வாய் முக்காலி டாக்டருடையது.

துறையின் மருத்துவர்களுள் அவர் ஒருவர்தாம் பெண். 'அறுவை மருத்துவர் ஓய்வறை' என்று பலகை மாட்டிய அறை உண்மையில் ஆண்கள் உடை மாற்றும் அறை. அவர் செவிலியர் அறையில் உடை மாற்றினார். அரங்கப் பணி முடிந்தபின் ஆண்கள் அந்த அறையில் தேநீர் குடித்தபடி, அடுத்த வாரம் எந்த நோயாளி யாருக்கு, வெளியூர்க் கருத்தரங்குக்கு யார் போவது என்றெல்லாம் பேசி முடிப்பார்கள். முடிந்த செய்தி நடைபாதையில் அவருக்குக் கிடைக்கும். துறைத் தலைவர் மற்றவர்களை 'டாக்டர்' என்றும் அவரைத் 'தங்கச்சி' என்றும் அழைத்தார். அதில் பாசம் இருந்ததாகவே துறைத் தலைவர் கடைசிவரை நம்பினார்.

இந்த நிலையில், இரண்டாம் யூனிட்டின் தலைவர் ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகளே இருந்தன. அந்த யூனிட்டில் அடுத்த மூத்தவர் முக்காலி டாக்டரே. அந்த இடம் ஒன்றுதான் அவர் தம் வாழ்நாளில் வாய்விட்டு விரும்பிய பொருள். வீட்டில் கணக்காசிரியரான கணவரிடம் அதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். யூனிட் கைக்கு வந்தால் யார் எந்த அறுவையைக் கற்றுக்கொள்வது என்பதை அவரே முடிவு செய்வார். ஓய்வறையின் மூடிய கதவு முடிவு செய்யாது.

அவ்வாண்டு மேலிடத்திலிருந்து ஓர் ஆணை வந்தது: ஒவ்வொரு துறையிலும் ஆண் பெண் சமவாய்ப்புக்கென ஒரு குழு அமைய வேண்டும். துறைத் தலைவர் அவரை அழைத்தார்.

"நீங்கதான் தலைமை, தங்கச்சி. இதுக்குன்னு ஆம்பளையைப் போட்டா ஊரே சிரிக்கும்."

"கூட்டம் என்னைக்கு சார்?"

"செவ்வாய்க்கிழமை. காலேஜ் முதல்வருக்கு அன்னைக்குத்தான் ஒழியுதாம். உங்க கேஸை நம்ம நெட்டையன் பார்த்துக்குவான். உங்ககிட்ட படிச்ச பையன்தானே?"

நெட்டையன் என்பது அதே யூனிட்டில் அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த இளம் மருத்துவனுக்கு வாய்த்த பெயர். கத்தி பிடிக்க அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் முக்காலி டாக்டர்தாம். கெட்டவன் அல்லன், கொடுத்ததை வாங்கிக்கொள்பவன்.

அவர் தம் கிழமையை மாற்றிக் கேட்டார். மற்றவர்களின் கிழமைகள் அசையவில்லை. முதலில் காலையில் வயிற்றைத் திறந்து, கூட்ட நேரம் வந்ததும் நெட்டையனிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினார். பாதியில் கைமாறுவது நோயாளிக்கு நல்லதன்று என்று அவர் மனமே உறுத்தவே, பிறகு முழுவதையும் அவனிடம் விட்டார். திங்களன்று நோயாளியைப் பரிசோதித்து, உறவினரிடம் பேசித் தைரியம் சொல்லி, அறுவைக்கு ஆயத்தப்படுத்துபவர் அவர். செவ்வாயன்று அறுப்பவன் நெட்டையன். புதனன்று காயத்தைப் பார்த்துக் கட்டு மாற்றுபவர் மறுபடியும் அவர்.

குழு வேலையை அவர் ஒப்புக்குச் செய்யவில்லை. அறுவை செய்வது போலவே செய்தார். பெண்களின் கைக்குப் பொருந்தும் சிறிய அளவுக் கையுறைகள் வந்தன. துணிக்கிடங்கு ஒன்றைக் காலி செய்து பெண் மருத்துவர்களுக்கு உடை மாற்றும் அறை ஆக்கினார். கருவுற்ற பயிற்சி மருத்துவருக்குத் தொடர் இரவுப்பணி கூடாது என்று விதி வந்தது. எல்லாரையும் 'டாக்டர்' என்றே அழைக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. மறுநாள் துறைத் தலைவர் கூடம் நிறைந்த சபையில் அவரை 'டாக்டர் தங்கச்சி' என்று அழைத்தார். அனைவரும் வயிறு குலுங்கச் சிரித்தனர். அவரும் சிரிக்க வேண்டியதாயிற்று.

பயிற்சிக்குப் பெண்கள் வரத் தொடங்கினர். அவர்களுள் ஒருத்தி அவரைவிடவும் குள்ளம்; சின்னவள் என்று அழைத்தார்கள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் குழுவில் கழிந்த செவ்வாய்க்கிழமைகள் வீண் இல்லை என்று முக்காலி டாக்டர் எண்ணிக்கொள்வார்.

குழுவின் பெரிய சாதனை தேர்வு விதி. பதவி உயர்வுக்கு விண்ணப்பிப்பவரின் பெயர், படம், ஆணா பெண்ணா என்ற விவரம் யாவும் மறைக்கப்படும். வெளியிலிருந்து வரும் தேர்வாளர்கள் வேலையை மட்டும் பார்த்து மதிப்பெண் இடுவார்கள். அண்மை ஆண்டுகளில் முதன்மை மருத்துவராக நின்று செய்த அறுவைகள், ஆய்வுக் கட்டுரைகள், கற்பித்தல் ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் உண்டு. முதல் வரைவில் குழுப்பணிக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார். குழுத் தலைவரே தமக்கு மதிப்பெண் எழுதிக்கொள்வதாக வெளியே பேசுவார்கள் என்று உறுப்பினர் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். முக்காலி டாக்டர் அந்த வரியைத் தம் கையாலேயே அடித்தார். நேர்மை என்பது தமக்கு எதிராகச் சாய்வது என்று பழகிப்போனவர்கள் செய்யும் பிழை அது. அடித்தபோது அவருக்குப் பெருமையாகவே இருந்தது.

யூனிட் தலைவர் ஓய்வு பெற்றார். முக்காலி டாக்டரும் நெட்டையனும் விண்ணப்பித்தனர். பெயர்கள் மறைக்கப்பட்டன. தேர்வாளர்கள் முன் இரண்டு மருத்துவர்கள் இருந்தார்கள்: ஒருவர் வாரந்தோறும் அறுவை செய்தவர், மற்றவர் சில ஆண்டுகளாகக் கத்தியையே தொடாதவர். இந்த இரண்டாமவர் ஏன் இன்னும் அறுவைத் துறையில் இருக்கிறார் என்று தேர்வாளர் ஒருவர் வியந்து கேட்டாராம். இடம் நெட்டையனுக்குப் போனதையும் இந்தக் கேள்வியையும் துறைத் தலைவரே முக்காலி டாக்டரிடம் சொன்னார்.

"நான் என்ன பண்ணட்டும்? நீங்க எழுதின விதிதானே. உங்க பேரு தெரிஞ்சிருந்தா நானே ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். மறைச்சுட்டீங்களே, தங்கச்சி."

பிறகு, நினைவு வந்தவர் போல, அடுத்த முறையும் குழுத் தலைமையை அவரே ஏற்க வேண்டும் என்றார். கூட்டத்தை வேறு கிழமைக்கு மாற்ற முடியுமா என்று அவர் கேட்டார்.

"எதுக்கு? இனிமே செவ்வாய்க்கிழமை உங்களுக்கு வேற வேலை இல்லையே."

அதைத் துறைத் தலைவர் ஏளனமாகச் சொல்லவில்லை. புதிய யூனிட் தலைவன் செவ்வாய்க்கிழமை அரங்கத்தைத் தன் பெயரில் எழுதிக்கொண்டிருந்தான், உள்ளதைத்தான் சொன்னார்.

அன்று மாலை கணவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். செய்தியைக் கேட்டதும் சிவப்பு மைப் பேனாவைக் கீழே வைத்தார்.

"சும்மா விடாதம்மா. புகார் எழுதிக் கொடு."

"யார்கிட்ட?"

"பொம்பளைங்களுக்கு அநியாயம் நடந்தா விசாரிக்கணும்னு ஒரு குழு இருக்குல்ல, அதுகிட்ட."

சொல்லி முடித்த பிறகே அது யாருடைய குழு என்பது அவருக்கு உறைத்தது. மனைவி சிரிக்கத் தொடங்கினார். அவரும் சேர்ந்துகொண்டார். தாம் நிறுத்திய பிறகும் மனைவி நிறுத்தாததைக் கண்டு, எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அடுத்த திங்களன்று சின்னவள் அவர் அறைக்கு வந்தாள். நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் நின்றாள். தன் பயிற்சியின் எஞ்சிய காலத்தை நெட்டையனின் கீழ் மாற்றிக்கொள்ள அவருடைய ஒப்புதல் வேண்டும் என்றாள். முக்காலி டாக்டர் காரணம் கேட்டார்.

"உங்ககிட்ட நிறைய கத்துக்கிட்டேன் மேடம். ஆனா எனக்கு ஆபரேஷன் செய்யணும். உங்ககூட இருந்தா கமிட்டிக்கு எடுபிடியா ஆயிடுவேன்னு எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும்னா?"

"எங்க பொண்ணுங்கதான் மேடம்."

அவர் கையெழுத்திட்டார். நல்ல முடிவு என்றும் சொன்னார். அது உண்மை என்பதால் அதைச் சொல்லக் கடினமாக இருந்தது. கதவருகே போன சின்னவள் திரும்பினாள்.

"அந்த முக்காலி உங்களுக்கு இனிமே வேணுமா மேடம்? நான் எடுத்துக்கட்டுமா?"

எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை. கூட்ட அறைக்குப் போகும் வழி அறுவை அரங்கத்தைக் கடந்தே செல்கிறது. அவ்வழியே போன முக்காலி டாக்டர் கதவின் வட்டக் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார். சின்னவள் கத்தி பிடிக்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். எதிரே நெட்டையன் உதவியாளனின் இடத்தில், முதுகைக் கூனிக்கொண்டு நின்றான். முக்காலி சுவரோரம் கிடந்தது. அதன்மேல் யாரோ மருந்துப் பெட்டியை வைத்திருந்தார்கள். சின்னவளின் கால்கள் தரையில் இருந்தன.

உள்ளிருந்து வெளிவந்த மூத்த செவிலி அவரைக் கண்டு தயங்கி நின்றார்.

"புது யூனிட் தலைவர் மேசையை இறக்கச் சொல்லிட்டாரு, டாக்டரம்மா. கீழ ஒரு மிதி இருக்கு, மிதிச்சா இறங்குது. இத்தனை வருஷமா எங்களுக்கே தெரியாது."

"யாரும் மிதிச்சுப் பார்க்கலையா?"

"இறங்காதுன்னு சொன்னாங்க. அதான்."

முக்காலி டாக்டர் மீண்டும் கண்ணாடிக்குள் பார்த்தார். மேசைமேல் இருந்தது யார் என்று கேட்கத் தேவையில்லை. நேற்று அவர்தாம் அந்த மனிதரின் வயிற்றை அழுத்திப் பார்த்து, எங்கே திறக்க வேண்டும் என்று மையால் கோடு இழுத்திருந்தார். பயந்து அழுத அவர் மனைவியிடம், நல்ல கை, கவலை வேண்டாம் என்று சொல்லியிருந்தார். சின்னவள் கோட்டின் மேல்முனையில் கத்தியை வைத்து இழுத்தாள். ஆழம் சரியாக இருந்தது.

"புண்ணைப் பார்க்க நாளைக்கு நான் வரேன்னு அவர் மனைவிகிட்ட சொல்லிடுங்க" என்றார் செவிலியிடம்.

கூட்ட அறையில் துறைத் தலைவரும் முதல்வரும் முன்னமே வந்து அமர்ந்திருந்தார்கள். ஆண் பெண் சமவாய்ப்பில் முன்மாதிரித் துறை என்று மேலிடம் அவர்களைத் தேர்ந்தெடுத்திருந்தது. அதைப் பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றுவதே அன்றைய முதல் பொருள். தீர்மானத்தை முன்மொழிய வேண்டியவர் குழுத் தலைவர். அவர் எழுந்து நின்று முன்மொழிந்தார்.