வாய் வைக்காத படங்கள்

இதைக் கட்டுக்கதை என்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். கோவில்பட்டியில் சண்முகராஜ் வீட்டு மாடிக்கு ஒரு தடவை ஏறிப் பாருங்கள், அந்த நாற்றம் இன்னும் போகவில்லை. நடந்தது போன ஆடி அமாவாசை அன்று. ராத்திரிகூட இல்லை, ஊரே வெயிலில் வெந்துகொண்டிருந்த உச்சிப்பொழுது.

சண்முகராஜ் ஓவியன். செத்தவர்களின் போட்டோவைப் பார்த்துப் பெரிதாக வரைந்து கொடுப்பான். கண்ணும் மூக்கும் கன்னமும் பத்தே நாளில் உயிரோடு வந்து நிற்கும். வாயை மட்டும் கடைசிக்கு வைப்பான். முகச்சாயல் முழுக்க உதட்டில்தான் இருக்கிறது, அது பிசகினால் 'இது எங்க அம்மா இல்லை' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்களே என்று அவனுக்குப் பயம். அந்தப் பயத்துக்கு அவன் வைத்திருந்த பெயர் 'மூடு இல்லை'. மூடு வருவதற்குள் வாயில்லாத ஆறு படங்கள் சேர்ந்துவிட்டன. ஐந்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தான்.

வயிறு வேறு அவனைப் படுத்தியது. சாப்பிடாமலே கும்மென்று இருக்கும். புளிச்ச ஏப்பம் வரும். பிரஷ்ஷைக் கையில் எடுத்தாலே குமட்டும். டாக்டர் கேஸ் டிரபிள் என்றார், பெண்டாட்டி செல்வமாரி சோம்பேறித்தனம் என்றாள்.

ஆறாவது படம் இடைசெவல் கொம்பையாவின் அம்மா, பெத்தம்மாள். பதினொரு மாதமாகக் கிடந்தது. அன்று காலை தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குக் கிளம்பும்போது செல்வமாரி வாசலில் நின்று சொன்னாள்.

"சாயங்காலம் கொம்பையா அண்ணாச்சி படத்துக்கு வாராவ. அதுக்குள்ள இதை முடிக்கலன்னா, நான் கயத்தாறுக்கு எங்கம்மா வீட்டுக்குப் போறேன். இந்தத் தடவ திரும்பி வரமாட்டேன்."

அவள் சும்மா சொல்கிறவள் இல்லை. பை கட்டிலில் தயாராக இருந்தது.

ஒரு கடுங்காப்பியைக் குடித்துவிட்டு மாடியில் படத்தின் முன் உட்கார்ந்தான். காலை முழுக்க உட்கார்ந்தே இருந்தான். கை எழவில்லை.

மணி பன்னிரண்டரை. முதலில் ஓர் ஈ வந்தது. பெத்தம்மாளின் மூக்குக்குக் கீழே, வாய் இருக்கவேண்டிய வெற்றிடத்தில் உட்கார்ந்தது. விரட்டினான். இரண்டாக வந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த இடமே கறுப்பாக மொய்த்தது. கண்ணில் ஒன்றுகூட உட்காரவில்லை. நெற்றியிலும் இல்லை.

துணியால் ஓங்கி அடித்தான். துணி ஒட்டிக்கொண்டது.

பெயிண்ட் காய்ந்து பத்து மாதம் ஆயிற்று. ஆனால் அந்த இடம் ஈரம். விரலால் தொட்டான். கொழகொழவென்று நூல் மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. முகர்ந்தான். ஊசிப்போன சோறு.

விரல் நுனியில் ஒரு பருக்கை.

சுவரோரம் சத்தம் கேட்டது.

சப்... சப்... சப்...

திருப்பி வைத்திருந்த படங்களிலிருந்து. பிறகு எதிரே பெத்தம்மாளிடமிருந்தும்.

ஒன்றைத் திருப்பினான். வாய் இல்லாத முகத்தில், மூக்கிலிருந்து தாடைவரை சோறு அப்பியிருந்தது. அடுத்தது. அதிலும். ஐந்திலும். ஊட்டிப் பார்த்து, போக வழியில்லாமல் வழிந்த மாதிரி.

ஓரத்தில் கிடந்த வாளியை இழுத்தான்.

வாந்தி.

காப்பி வரவில்லை. சோறு வந்தது. மெல்லாத வெண்டைக்காய், விதையும் கோழையுமாக. புளி. கடைசியாக ஒரு வெற்றிலை...

அது மென்ற வெற்றிலை. அவன் மெல்லவில்லை.

வேறு யாரோ மென்றது தன் தொண்டை வழியாக வந்த அந்த அருவருப்பு இருக்கிறதே, அது பயத்தைவிடக் கொடுமை. நாக்கைப் பிடுங்கி எறியலாம்போல இருந்தது. வாயைத் துடைத்த கையோடு பிரஷ்ஷை எடுத்தான்.

மேல் உதடு. கீழ் உதடு.

பதினொரு மாதம் வராதது ஐந்து நிமிடத்தில் வந்தது.

சப் சத்தம் ஒன்று குறைந்தது.

ஈக்கள் எழுந்தன.

சாயங்காலம் வந்த கொம்பையா, படத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டார். "எங்கம்மாவேதான் தம்பி. படம் வரலயேன்னு வெறும் ஆணிக்குக் கீழதான் அமாவாசைக்கு அமாவாசை படைச்சோம். பதினொரு மாசமா காக்கா ஒரு பருக்கை தொடல. இன்னைக்கு மத்தியானம் ஒரு மணிக்கு மேல வந்து இலையையே காலி பண்ணிட்டு!"

"என்ன படைச்சீங்க?"

"வெண்டைக்கா புளிக்கொழம்பு. அவியளுக்கு அதுன்னா உசுரு. பொறவு வெத்தலை."

சண்முகராஜ் மறுபடியும் வாளியைத் தேடி ஓடினான்.

செல்வமாரி பையைப் பிரித்துத் துணிகளைக் கொடியில் போட்டாள். அந்த மாதமே நாலு படங்களுக்கு வாய் வைத்தான். நாலும் அடங்கின. பாக்கி ஒன்றுதான், பட்டுப்பாவாடை கட்டிய ஒரு சின்னப் பிள்ளை. போட்டோவைக் கரையான் தின்றுவிட்டது. பெற்றவர்கள் எந்த ஊருக்குப் பிழைக்கப் போனார்களோ, யாருக்கும் தெரியவில்லை. தோன்றிய வாயையெல்லாம் வரைந்து பார்த்தான். ஈ எழவில்லை.

போன அமாவாசை உச்சிக்கும் அவன் வாந்தி எடுத்தான். பால்சோறு. சீனி போட்டு, கட்டியில்லாமல் கையாலே மசித்தது. எங்கேயோ ஒருத்தி இன்னும் ஊட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.