அம்மாவுக்கு ஒரு கப்பல் உடுப்பு

குற்றாலத்தில் பிறந்து வளர்ந்த என் அம்மாவை, அதே குற்றாலத்தில், அருவியில் நிற்க விடாமல் வெளியே அனுப்பினார்கள். காரணம் அவள் போட்டிருந்த உடுப்பு. அதுவும் கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடிய உடுப்பு. இத்தனை வருஷம் கழித்தும் இதைச் சொல்லும்போது எனக்குக் காது சூடாகிறது. அப்போது எனக்குப் பத்து வயது. கோபப்படத் தெரியும், யார்மேல் கோபப்படுவது என்பதுதான் தெரியாது.

அப்பாவுக்குத் தென்காசியில் பெயிண்ட் கடை. சரக்கு நிறைய எடுக்கும் கடைக்காரர்களைப் பெயிண்ட் கம்பெனி வருஷா வருஷம் எங்காவது கூட்டிக்கொண்டு போகும். ஊட்டி, கோவா என்று போய்க்கொண்டிருந்தது, அந்த வருஷம் கப்பலாகிவிட்டது. சிங்கப்பூரில் ஏறி, கடலிலேயே சுற்றிவிட்டுத் திரும்பி வரும் சொகுசுக் கப்பல். குடும்பத்தோடு வரலாம் என்றார்கள். கம்பெனியின் விற்பனை அதிகாரி வீட்டுக்கே வந்து செல்போனில் வீடியோ காட்டினார். அப்பா சாப்பாட்டு மேசைகளைப் பார்த்தார். நான் சறுக்குமரத்தைப் பார்த்தேன். அம்மா மேல்தளத்திலிருந்த நீச்சல் குளத்தைப் பார்த்துவிட்டு, அந்த இடத்தை மட்டும் திரும்பப் போடச் சொன்னாள்.

அம்மாவுக்குத் தண்ணீர் அப்படி. அவள் பிறந்த வீடு ஐந்தருவி போகிற பாதையில் இருந்தது. சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியில் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. குளியலறையில் குளிப்பதை அவள் குளியல் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. “மேலு கழுவிட்டு வாரேன்” என்றுதான் சொல்வாள். வீடியோவைப் பார்த்து முடித்ததும், “சுத்தியும் கடலு, நடுவுல நல்ல தண்ணி. அதுல ஒரு முங்கு முங்கணும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு” என்றாள். அம்மா எதையும் வேண்டும் என்று சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

ஒரு வாரத்தில் கடைக்காரர்களின் வாட்ஸப் குழுவில் கப்பலின் உடைச் சட்டங்கள் வந்து விழுந்தன. முதல் சட்டம், இரண்டாம் நாள் இரவு விருந்தைப் பற்றியது. ஆண்கள் கோட்டு, காலில் ஷூ. பெண்கள் சேலையோ கவுனோ, எதுவானாலும் பகட்டாக இருக்க வேண்டும். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. சிவகிரிக் கடைக்காரர், கோட்டைத் தன் பேரன் கல்யாணத்தில்கூடப் போட மாட்டேன் என்று குரல் பதிவு அனுப்பினார். கீழப்பாவூர்க்காரர், வெள்ளைக்காரன் போய் எவ்வளவோ காலமாச்சு, இன்னும் அவன் சட்டையைத்தான் போடணுமா என்று கேட்டார். சங்கரன்கோவில்காரர் ஒருவர் மட்டும், போகிற இடத்துக்குத் தக்கபடி உடுத்தினால் என்ன கெட்டுப்போகும் என்று சொல்லப்போக, அவரைக் கிழித்து நார் நாராகத் தொங்கவிட்டார்கள்.

அப்பா சும்மா இருப்பாரா? அவர் கடையில் உட்காருவது வெள்ளை வேட்டியில். வேட்டியில்லாமல் அவரைத் தென்காசியில் யாரும் பார்த்ததில்லை. “எங்கப்பா கலெக்டர் முன்னால நிக்கும்போதும் வேட்டிதான். வேட்டி கட்டுனவனுக்குச் சோறு கிடையாதுன்னா அந்தக் கப்பல் எனக்கு வேண்டாம்” என்று அவரும் ஒரு பதிவு அனுப்பினார். கடையில் வேலை செய்கிறவர்கள் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்து, தானே ஒருதரம் கேட்டும் கொண்டார். விற்பனை அதிகாரி மேலிடத்தில் பேசினார். மறுநாள், “அண்ணாச்சிமாரே, வேட்டிக்கு அனுமதி உண்டு, ஒரு பிரச்சினையும் கிடையாது” என்று செய்தி வந்தது. அப்பா கடைக்கு அல்வா வாங்கிக் கொடுத்தார். தமிழனுடைய மானத்தைக் காப்பாற்றிவிட்ட களை முகத்தில் இருந்தது. எனக்கும் பெருமைதான்.

இரண்டாவது சட்டத்தை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. நீச்சல் குளத்தில் இறங்க நீச்சல் உடைதான் போட வேண்டும். சேலை, நைட்டி, சுடிதார், லுங்கி எதற்கும் அனுமதி இல்லை. அம்மா அப்பாவிடம், “ஏங்க, வேட்டிக்குக் கேட்ட மாதிரி, சேலைக்கும் ஒரு வார்த்தை குரூப்ல கேளுங்களேன்” என்றாள். அப்பா அதிர்ந்துபோனார். “பொம்பளைக குளிக்கதப் பத்தி குரூப்ல எப்படிக் கேக்க? நாலு பேரு என்ன நெனப்பான்?” அத்தோடு முடிந்தது. வேட்டிக்கு ஒரு மாவட்டமே வரிந்துகட்டி நின்றது. சேலைக்கு வாய் திறப்பதே மரியாதைக்குறைவாகிவிட்டது.

அம்மா சண்டை போடவில்லை. அதிகாரி அடுத்த தடவை வீட்டுக்கு வந்தபோது, காப்பி கொடுத்துவிட்டுத் தானே கேட்டாள். “பருத்தி நூலு பிரிஞ்சு தண்ணி சுத்தம் பண்ணுத மெசின்ல மாட்டிக்கிடுமாம்க்கா. அதான் விட மாட்டாங்க” என்றார் அவர். “மெசினுக்குன்னா சரிதான். அதுக்குத் தக்கன உள்ளதப் போட்டுக்கிடலாம்” என்று அம்மா ஒத்துக்கொண்டாள். கப்பல் சட்டத்தைக் காரணம் கேட்டு, காரணம் தெரிந்ததும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்ட ஆள் எங்கள் பக்கத்தில் அவள் ஒருத்திதான். அவளுக்குத்தான் கடைசியில் கப்பல் கிடைக்கவில்லை.

திருநெல்வேலிக்குப் போய், விளையாட்டுச் சாமான் விற்கிற கடையில் அம்மா ஒரு நீச்சல் உடுப்பு வாங்கினாள். கருநீலம். முழுக்கை, கணுக்கால்வரை கால், இடுப்பைச் சுற்றிப் பாவாடை மாதிரி ஒரு கொசுவம். எனக்கும் மஞ்சளில் ஒன்று எடுத்தாள், கையில்லாதது. அப்பா அம்மாவின் உடுப்பைத் தூக்கிப் பிடித்து முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, “மூடித்தான் இருக்கு” என்று அனுமதி கொடுத்தார்.

ஆனால் புதுத் துணி. தண்ணீரில் மேலே ஏறிக்கொள்ளுமா, ஊதிக்கொள்ளுமா, தையல் தாங்குமா என்று அம்மாவுக்குச் சந்தேகம். கப்பலில் போய் முதல்தடவையாக நனைத்து அவமானப்பட அவளுக்கு மனமில்லை. இங்கேயே ஒருதரம் நனைத்துப் பார்த்துவிட வேண்டும் என்றாள். எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு எதையாவது நனைத்துப் பார்க்க வேண்டுமென்றால் வேறு எங்கே தோன்றும்? நல்ல சாரல் நாளில், விடிந்ததும், அம்மாவும் அத்தையும் நானும் ஐந்தருவிக்குப் போனோம். அத்தை அப்பாவின் அக்கா, அடுத்த தெருவில் இருந்தாள். குற்றாலம் என்றால் அவளைக் கூப்பிட வேண்டியதே இல்லை, கிளம்புகிற சத்தம் கேட்டாலே எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நிற்பாள்.

பெண்கள் பக்கம் கூட்டமாகத்தான் இருந்தது. அங்கே பெண்கள் எப்படிக் குளிப்பார்கள் என்பது போனவர்களுக்குத் தெரியும். பாதிப் பேர் உள்பாவாடையை ஏற்றி மார்பில் கட்டியிருப்பார்கள். மீதிப் பேர் நைட்டி, சேலை, சுடிதார். தண்ணீர் இடிக்கிற இடியில் எல்லாம் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், சிலருக்கு முடிச்சும் நழுவும். யாரும் யாரையும் பார்ப்பதில்லை, பார்க்க அங்கே நேரமுமில்லை. அத்தையும் பாவாடையை மார்பில் கட்டிக்கொண்டு, தோளிலும் முதுகிலும் எண்ணெய் வழிய, தன் முறைக்காக நின்றாள். நான் என் மஞ்சள் உடுப்பில் உள்ளே ஓடினேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா உடை மாற்றிக்கொண்டு, மேலே ஒரு துண்டைப் போர்த்தியபடி வந்தாள். துண்டை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு அருவியைப் பார்த்து நடந்தாள். சுற்றிலும் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“இது என்ன கோலம்மா?” என்று ஒரு பெண் ஆரம்பித்தாள். அம்மா நின்று பொறுமையாகச் சொன்னாள்: “கப்பலுக்குப் போறோம்க்கா. அங்க இதான் போடணுமாம். நனைச்சுப் பாக்கேன்.”

“அப்ப கப்பல்ல போயி நனைங்க. பொம்பளப் பிள்ளைக நிக்க எடத்துல இங்கன எதுக்கு வேஷம்?”

“ஆளு உருவம் அப்படியே தெரியுதுல்லா” என்றாள் இன்னொருத்தி. அவள் கட்டியிருந்த பாவாடை நனைந்து, அவள் உருவமும் அப்படியேதான் தெரிந்தது. வேறொருத்தி தன் மகளின் முகத்தைத் திருப்பித் தன் வயிற்றோடு சேர்த்து அமுக்கிக்கொண்டாள். எதைப் பார்க்கக்கூடாது என்று? முகம் போக, என் அம்மாவின் புறங்கையும் பாதமும்தான் வெளியே இருந்தன. அந்தக் கூட்டத்திலேயே அதிகம் மூடியிருந்தவள் அவள்தான். இது எனக்குத் தெரிகிறது, இத்தனை பெரியவர்களுக்கு எப்படித் தெரியவில்லை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. “நீங்க மட்டும் எப்படி நிக்கியோ?” என்று நான் கத்தினேன். அருவிச் சத்தத்தில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது. கேட்டவர்கள், பிள்ளையை வளர்த்த லட்சணத்தைப் பார் என்றார்கள்.

அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். அங்கிருந்த பல பேருக்கு அவளைத் தெரியும், அவள் சொன்னால் கேட்டிருப்பார்கள். அத்தை கரையில் மடித்து வைத்திருந்த தன் காய்ந்த சேலையை எடுத்து வந்து, அம்மாவைச் சுற்றி இறுக்கமாகச் சுற்றினாள். “ஏட்டி, வெளிய வா. எந்தம்பி நாலு பேரு வந்து போற எடத்துல கடை வச்சிருக்கான்” என்றாள். வெறும் தோளோடும் எண்ணெய் முதுகோடும் நின்றுகொண்டு அவள் இதைச் சொன்னாள். அம்மா வெளியே நடந்தாள். அவள் உச்சந்தலைகூட நனையவில்லை.

நாங்கள் ஆட்டோவில் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி கடைக்குப் போய்விட்டது. அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார், சாப்பிடவில்லை. “ஊரே சிரிக்கு. உனக்கு நனைச்சுப் பாக்க எடமா கிடைக்கல?” என்றார். மூடித்தான் இருக்கிறது என்று அவரே சொன்னதை நான் நினைவுபடுத்தினேன். “நீ உள்ள போ” என்றார். கடைசியில் அவரே ஒரு தீர்ப்பும் சொன்னார். கப்பலுக்கு வரட்டும், பட்டுச்சேலை கட்டிக்கொள்ளட்டும், ஆனால் குளத்தில் இறங்க வேண்டாம். கரையில் நாற்காலி போட்டிருப்பார்கள், உட்கார்ந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ளட்டும்.

“கரையில உக்கார நான் எதுக்குக் கப்பலுக்கு வரணும்? இங்கனயே தெப்பக்குளம் கிடக்கு” என்றாள் அம்மா. “நீங்க பிள்ளையக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. அவள நல்லாக் குளிக்க விடுங்க, அது போதும்.”

யார் யாரோ சமாதானம் பேசினார்கள். அத்தையும் வந்து பேசினாள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அம்மா அசைந்துகொடுக்கவில்லை. அப்பாவும் நானும் போனோம். குழுவில் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார் அப்பா.

கப்பலைப் பற்றி நான் இங்கே வர்ணிக்கப்போவதில்லை, எனக்கு அதன்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. இரண்டாம் நாள் இரவு அப்பா பட்டுக்கரை வேட்டியில் போனார். எங்கள் பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் வேட்டியோடு வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் அதே அப்பா, கப்பலுக்குள்ளிருந்த கடையில் ஒரு நைலான் அரைக்கால் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு, வெற்றுடம்போடு நீச்சல் குளத்தில் குதித்தார். அவருடைய முழங்காலை நான் முதன்முதலில் பார்த்தது அன்றைக்குத்தான். சிவகிரிக்காரர், கீழப்பாவூர்க்காரர் எல்லாரும் உள்ளே கிடந்தார்கள். ஒரு உருவத்தைப் பற்றியும் ஒருவரும் ஒன்றும் பேசவில்லை.

“வாட்டி, உள்ள வா” என்று அப்பா கூப்பிட்டார். நான் போகவில்லை. மஞ்சள் உடுப்பை மாட்டிக்கொண்டு, கரையில் ஒரு நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மாவை விடாத தண்ணீரில் நானும் இறங்குவதில்லை என்று எனக்குள் ஒரு சத்தியம். வெயில் சுட்டது. மற்றப் பிள்ளைகள் தண்ணீரை வாரி என்மேல் இறைத்தார்கள், நான் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டேன். கடைசி நாள்வரை இறங்கவில்லை. அப்பா கெஞ்சிப் பார்த்தார், திட்டியும் பார்த்தார். வேட்டிக்காக அவர் பிடித்த அடத்தைவிட என் அடம் பெரிது என்று எனக்கு நினைப்பு.

ஊர் திரும்பியதும் வீட்டில் ஒரே கூட்டம். சாப்பாடு எப்படி, வேட்டியைப் பார்த்து வெள்ளைக்காரன் என்ன சொன்னான் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எல்லாரும் போன பிறகு அம்மா என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டாள். என் தலைமுடியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, ஆசையாகக் கேட்டாள்.

“கப்பல் ஆடும்போது குளத்துத் தண்ணியும் ஆடுமாட்டி? முங்குனா எப்படி இருந்துச்சு?”

இதற்காகத்தான் நான் காத்திருந்தேன். “நான் இறங்கவே இல்லம்மா” என்றேன். “அப்பா எம்புட்டோ கூப்பிட்டாங்க. உங்கள விடாத தண்ணியில நான் ஒரு காலுகூட வைக்கல.”

அம்மா என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அதுவரை அவள் என்னை அடித்ததே இல்லை. அடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, குழாயைத் திறந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். அப்பாவை அடிக்கவில்லை, அத்தையைத் திட்டவில்லை, அருவியில் விரட்டியவர்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்காக நின்ற ஒரே ஆளான என்னைத்தான் அடித்தாள். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல், அன்று முழுக்க நான் அம்மாவோடு பேசவில்லை.