ஓடைத் தண்ணீர் எதுவரை ஏறும்?

எங்கள் ஓடையை நான் முதன்முதலாகப் பக்கவாட்டில் பார்த்தது ஒரு கணினித் திரையில்தான். கறுப்புத் திரையின் அடியில் கோணல்மாணலாக ஒரு பழுப்புக் கோடு. அது ஓடையின் தரை. அதன் மேல் ஒரு நீலக் கோடு, அது தண்ணீர். நடுவில் குறுக்கே நின்ற மஞ்சள் கட்டை, நாங்கள் உயர்த்தப்போகிற சாலை. உதவிப் பொறியாளர் ஒரு விசையைத் தட்டினார். இயந்திரம் சற்று நேரம் முனகியது. பிறகு நீலக் கோடு சாலைக்குக் கிழக்கே தாழ்ந்தும், மேற்கே புடைத்தும் வந்து நின்றது. மேற்கே அவர் நான்கு சின்னச் சதுரங்கள் வரைந்து வைத்திருந்தார். அவை வீடுகள். நீலம் அவற்றின் பாதி உயரத்துக்கு ஏறியிருந்தது. “அக்கா, இங்க பாருங்க. இன்னும் பெய்யவே பெய்யாத மழை இது” என்றார். நாளைக்கு வரப்போகிற வெள்ளத்தை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டோம் என்ற அந்தப் பரபரப்பை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்லிவிட முடியாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. திருவண்ணாமலையில் சாலைப் பணிகளைக் கவனிக்கும் அலுவலகம் ஒன்றில் நான் வரைவாளர். அடி அண்ணாமலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். மாற்றலாகி வந்த உதவிப் பொறியாளர் என்னைவிடச் சிறியவர்; நான் ‘மேடம்’ என்பேன், அவர் ‘அக்கா’ என்பார். அலுவலகத்தில் அப்போதுதான் ஒரு கணினி வந்திருந்தது. அதற்குத் தனி அறை, குளிர்சாதனம், தூசி படாமல் துணி உறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். சம்பளப் பட்டியல் அடிப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. மேடம் தான் மேல்படிப்பு படித்த கல்லூரியிலிருந்து ஒரு ஃபிளாப்பி கொண்டுவந்திருந்தார். ஓடையில் எவ்வளவு தண்ணீர் வந்தால் பாலத்தடியில் எதுவரை ஏறும் என்று கணக்கிடும் ப்ரோக்ராம் அதில் இருந்தது.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் போகும் ஒரு கிளைச்சாலையை, மேற்கிலிருந்து வரும் அந்த ஓடை கடக்கிறது. அந்த இடத்தில் மூன்று குழாய்கள் பதித்த சிறுபாலம் ஒன்று உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் சாலை மேலேயே ஓடும், பஸ் நின்றுவிடும். தீபத்துக்கு வருகிற கூட்டம் தவித்துப்போகும். ஆகவே சாலையை ஆளின் இடுப்புயரத்துக்கு உயர்த்துவது என்று முடிவாகியிருந்தது. குழாய்கள் அதே மூன்று. வரைபடம் போட்டவள் நானேதான். அதைப் பார்த்த மேடம்தான், “ரோடு ஒசந்துடும் சரி. மேல ஓடிக்கிட்டிருந்த தண்ணி எங்க போகும்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எங்களை ஓடைக்குள் இறக்கியது. மட்டம் பார்க்கும் கருவியை முக்காலியில் நிறுத்தி, அளவுகோலை ஓடையின் குறுக்கே ஒவ்வோர் இடமாகப் பிடித்து, மட்டம் எடுத்தோம். கூப்பிடு தூரத்துக்கு ஒரு குறுக்குவெட்டு வீதம் வேண்டும் என்றார் மேடம். மணலா, புல்லா, கல்லா என்பதையும் குறித்துக்கொண்டோம். கரடுமுரடான தரையில் தண்ணீர் மெதுவாகப் போகும். மெதுவாகப் போனால் உயரம் ஏறும். கணினி ஓடையின் கீழ்ப்பக்கத்திலிருந்து தொடங்கி, ஒரு குறுக்குவெட்டிலிருந்து அடுத்ததற்குப் படிப்படியாக மேலே ஏறி, ஒவ்வோர் இடத்திலும் தண்ணீர் மட்டத்தைக் கண்டுபிடித்துக்கொண்டே போகும். பாலம் வந்ததும் தண்ணீர் திணறும். “பௌர்ணமி அன்னிக்கு பஸ் ஸ்டாண்டு வாசல்ல கூட்டம் நெருக்கிக்கிட்டு நிக்கும்ல, அதே மாதிரிதாங்கக்கா. வாசல் சின்னது, ஜனம் ஜாஸ்தி. கூட்டம் பின்னாடி பின்னாடி சேரும்” என்றார் மேடம். அவ்வளவுதான், எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எண்களை நான் வாசிக்க, அவர் தட்டுவார். ஒரு முறை தசமப் புள்ளியை இடம் மாற்றித் தட்டிவிட்டார்; திரையில் எங்கள் ஓடை மலைமேல் ஏறி நின்றது. இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

செயற்பொறியாளர்தான் எங்கள் அலுவலகத் தலைவர். வெயிலிலும் சேற்றிலும் நின்று பாலங்கள் கட்டியவர். அறைக்குள் உட்கார்ந்து சொல்லப்படும் எதையும் சட்டென்று நம்பமாட்டார். நீலக் கோட்டைப் பார்த்துவிட்டு, “டிவி பொட்டி சொல்லுதுன்னு வேலைய நிறுத்த முடியுமாம்மா?” என்றார். மேடம் வாதாடவில்லை. எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார். “நீங்களே தண்ணிய கம்மி பண்ணிப் பாருங்க சார்.” அவர் ஒற்றை விரலால் ஓர் எண்ணைத் தட்டினார். கோடு கொஞ்சம் இறங்கியது, வீடுகளைவிட்டு இறங்கவில்லை. இன்னும் குறைத்தார். அப்போதும் வாசற்படிக்கு மேல்தான் நின்றது. பிறகு, தான் இளவயதில் அந்த ஓடையில் பார்த்த ஒரு வெள்ளத்தை நினைவிலிருந்து கணக்குப் போட்டுத் தட்டினார். சதுரங்கள் முழுகிப்போயின. அவர் நாற்காலியை மேடத்தின் பக்கம் திருப்பினார்.

“பெரிய பாலம் இந்த வருஷம் கெடைக்காது. வேற இன்னா வழி?” என்று கேட்டார்.

“ரோட்டுல ஒரு பாகத்த மட்டும் ஒசத்தாம, கான்கிரீட் போட்டு பழைய மட்டத்துலயே விட்டுடலாம் சார். மிச்சத் தண்ணி அது மேல வழிஞ்சு போயிடும்” என்றார் மேடம்.

“பஸ் நிக்கக் கூடாதுன்னுதானே ரோட்டையே ஒசத்துறோம்?”

“பஸ் கொஞ்ச நேரம் நிக்கலாம் சார். தண்ணி வீட்டுக்குள்ள நிக்கக் கூடாது.”

அந்தத் தாழ்ந்த பாகம் எவ்வளவு நீளம் வேண்டும் என்பதையும் கணினியிலேயே மாற்றி மாற்றிப் பார்த்து முடிவு செய்தோம். செயற்பொறியாளர் கையெழுத்துப் போட்டார், சாலை வேலையும் முடிந்தது. ஆனால் சாலையில் போகிறவர்களுக்கு அது விளங்கவில்லை. ஒசத்தின ரோட்டில் நடுவே பள்ளம் விட்டிருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. மேடத்துக்கோ, போட்ட கணக்கு சரிதானா என்ற நினைப்புதான். மேற்கே இருந்த சிற்றூரின் பள்ளிக்கூடச் சுவரில் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டார். நாங்கள் கணக்குப் போட்ட மழைக்கு, பள்ளம் இருந்தால் தண்ணீர் அதுவரை வரும். அதற்கு வெகு மேலே சிவப்பில் ஒன்று. பள்ளம் இல்லாவிட்டால் வந்திருக்கும் மட்டம். வெள்ளைக் கோடு வகுப்பறைத் தரைக்குக் கீழே இருந்தது. குடத்தோடு நின்ற ஓர் அம்மா, “எந்தத் தண்ணிம்மா கோடு கிழிச்ச எடத்துல நிக்கும்?” என்று கேட்டார். “நிக்குதா இல்லியானு நானும் பாக்கத்தாம்மா போறேன்” என்றார் மேடம். கேலியாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

கார்த்திகையில் மழை பிடித்தது. ஓர் இரவு விடாமல் கொட்டியது. காலையில் ஜீப் எடுத்துக்கொண்டு போனோம். தாழ்ந்த பாகத்தின் மேல் செந்தண்ணீர் ஒரே விரிப்பாக வழிந்துகொண்டிருந்தது. இரு பக்கமும் பஸ்கள். இறங்கி நின்றவர்கள் திட்டினார்கள். “ஒசத்துனவங்க முழுசா ஒசத்தக் கூடாதா? கல்யாணத்துக்குப் போவணும், நடுரோட்ல நின்னுங்கீறோம்” என்று ஒருவர் எங்கள் முகத்துக்கு நேரே கேட்டார். மேடம் வயல் வரப்பில் ஏறி மேற்கே ஓடினார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன். வழுக்கி விழுந்து எழுந்தது கூட எனக்கு உறைக்கவில்லை. தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியவேண்டும், அது ஒன்றுதான்.

பள்ளிக்கூடச் சுவரில் வெள்ளைக் கோடு தெரியவில்லை. கிட்டே போனால், தண்ணீர் அதைத் தாண்டி ஒரு சாண் ஏறியிருந்தது. ஆனால் வகுப்பறைத் தரை காய்ந்திருந்தது. சிவப்புக் கோடு எங்கோ உயரத்தில், எங்கள் கழுத்துக்கு நேரே நின்றது. அன்றைக்குக் கேட்ட அதே அம்மா, உள்ளே கட்டியிருந்த ஆட்டைத் தடவிக்கொண்டு சிவப்புக் கோட்டையே பார்த்தார். “அது வரிக்கும் வந்திருக்குமா?” என்றார். வந்திருக்கும் என்றேன். “அப்ப பஸ்ஸு நிக்கட்டும்” என்றார். எனக்குச் சத்தம் போட்டுக் கத்தவேண்டும் போலிருந்தது.

மேடம் இதில் எதிலும் கலந்துகொள்ளவில்லை. “நாம போட்ட மழைதான் பேஞ்சிருக்கு, ஒரு சாண் எப்படிக்கா ஜாஸ்தியாச்சு?” என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் வடிகிற வரை அங்கேயே இருந்தோம். குழாய் வாய்கள் வெளியே தெரிந்தபோது, ஒன்றில் சீமைக்கருவேல முள் கத்தைகத்தையாக அடைத்துக்கொண்டிருந்தது. அவர் முகம் அப்படியே மலர்ந்தது. “முள்ள கணக்குல சேக்கலக்கா நாம” என்றார். ஈரப் புடவையோடு அலுவலகத்துக்குத் திரும்பி, ஒரு குழாயைப் பாதி அடைத்துவிட்டு மறுபடி ஓட்டினோம். நீலக் கோடு சரியாக அந்த ஒரு சாண் ஏறி நின்றது. செயற்பொறியாளர் எங்கள் பின்னால் வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. “அந்த ரோட்ல இன்னும் எத்தன சிறுபாலம் கீது?” என்று கேட்டார். “எல்லாத்தையும் இதுல போடுங்க.”

மேடம் பிறகு வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போனார். இரண்டாயிரத்துக்குப் பிறகு அந்த ஓடைக்கு நிஜமாகவே நீளமான பாலம் வந்தது. அதற்குள் அலுவலகத்தில் மேசைக்கு மேசை கணினி, செருப்போடே போகலாம். புதிதாக வந்த பொறியாளர்கள் நொடியில் நீலக் கோட்டை வரவழைத்தார்கள். பாலம் திறந்த அன்று மேடத்துக்குப் போன் செய்தேன். பாலம் எப்படி இருக்கிறது, யார் திறந்தார்கள் என்று எதுவும் அவர் கேட்கவில்லை.

“மேல் பக்கம் எதுவரிக்கும் ஏறும்னு பாத்தாங்களாக்கா?”

“பாத்தாங்க மேடம். ஸ்கூல் தரைக்கு ரொம்பக் கீழதான் நிக்குது.”

“முள்ள சேத்தாங்களா?”

“மொதல்ல சேக்கல” என்றேன். “நான்தான் பக்கத்துல உக்காந்து சேக்க வச்சேன்.”