இரண்டு ஊரில் மறைத்த இரண்டு மருந்து

இரண்டு வருடங்களுக்கு முன், ஆவணியின் முதல் செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே முக்கால் மணி. பாலக்காட்டில் எச்.ஐ.வி. மருந்து தரும் மையத்தில் வரிசையில் நின்றிருந்தேன். கண் இருட்டியது. சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு ஊர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மீனாட்சிபுரம் பக்கம். நான்கு மாடுகள், கொஞ்சம் தென்னை. எனக்கு எச்.ஐ.வி. இருப்பது அப்போது பதினோரு வருடங்களாக என் மனைவிக்கும் அந்த மையத்துக்கும் மட்டுமே தெரிந்திருந்தது. அந்த வருடம் பால் கேனோடு சொசைட்டிக்கு நடந்தாலே மூச்சு வாங்கியது. என்றைக்கு எத்தனை இடத்தில் மூச்சு வாங்க நின்றேன் என்று தேதி போட்டுக் குறித்துக்கொண்டு, என்னைத் தெரியாத கோயம்புத்தூருக்குப் போனேன். நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அழுத்தம் அதிகம் என்றார் இதய டாக்டர். வேறு நோய் உண்டா என்று கேட்டார், இல்லை என்றேன். எழுதித் தந்த பரிசோதனைகளில் எச்.ஐ.வி.யை மட்டும் அப்புறம் எடுப்பதாக நழுவினேன்.

மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துச் சிரித்தார். "ஏனுங்கண்ணா, ஊட்டுல விசேஷமுங்களா?" ஆண்மைக் குறைவுக்கென்று ஊரறிந்த மாத்திரைதான் இந்த அழுத்தத்துக்கும் மருந்தாம். கூசிப்போனேன். அதில் முதல் மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை பாலக்காட்டுக்கு பஸ் ஏறியிருந்தேன்.

பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர்க்காரரான மையத்து நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்தார். மிகவும் இறங்கியிருந்தது.

"காலைல புதுசா என்ன முழுங்குனீங்க?"

"ஒண்ணுமில்லீங்க சிஸ்டர்."

"ஒண்ணுமில்லாம இப்பிடி ஆகாதுங்க. பதினோரு வருசமா பாக்கறேன், என்ர கிட்ட என்ன வெக்கம்?"

சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"இது உங்க பழைய மாத்திரையோட சேரவே சேராதுங்க. சாயங்காலம் இன்னொண்ணு போட்டிருந்தீங்கன்னா, நான் மாலையோட உங்க ஊட்டுக்கு வந்திருக்கோணும்."

என் எச்.ஐ.வி. மருந்துகளில் ஒன்று இந்த மாத்திரையை உடம்பில் பல மடங்கு தேங்க வைக்குமாம். சலைன் ஏற்றினார்கள். மதியத்துக்குள் தலைசுற்றல் நின்றது. கோயம்புத்தூர் டாக்டரிடம் பேசலாமா என்று மையத்து டாக்டர் அனுமதி கேட்டார். தலையாட்ட எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது.

கோயம்புத்தூர்க்காரர் கோபப்படவில்லை. எச்.ஐ.வி.யாலேயே இந்த அழுத்தம் வரலாம், முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றார், அவ்வளவுதான். இருவரும் கலந்து பேசி, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் மருந்துகளாக மாற்றினார்கள். கார்த்திகைக்குள் மூச்சு ஓரளவு சீரானது.

இப்போது எந்த டாக்டரிடம் போனாலும் உட்காரும் முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருவரிருவர் முகம் மாறத்தான் செய்கிறது. அதைப் பார்க்க நான் உயிரோடு இருக்கிறேனே என்ற நிம்மதி எனக்கு அதைவிடப் பெரிது.