நாற்பத்தாறாம் அளவுச் சட்டை

பெரிய அணியின் அலுவலகத்தில் மெர்ல் ஹாஸ்கின்ஸின் சட்டை அளவைக் கேட்டார்களாம். கேட்டது யாரோ ஒரு குமாஸ்தாப் பெண். கேட்கப்பட்டது அதே அலுவலகத்தில் விமானச் சீட்டுப் போடும் எம்மெட்டின் மைத்துனியை. அவளுக்குத் தெரியாததால் எம்மெட்டுக்கு ஃபோன் போட்டாள். எம்மெட், அந்தப் பெரிய பேஸ்பால் அணிக்கு ஆட்டக்காரர்களைத் தயார்செய்து அனுப்பும், ஒஹையோவில் இருக்கும் சின்ன அணியின் உடைமாற்றும் அறையில் இருபத்தாறு வருடமாகச் சீருடை துவைக்கிறவன். செவ்வாய்க்கிழமை காலையில் மெர்லிடம் அதைச் சொல்லும்போது கையிலிருந்த அழுக்குக் கூடையைக்கூட அவன் கீழே வைக்கவில்லை.

"புது மேனேஜரை அறிவிக்கிறப்ப டை கட்டின ஆளுக்கு மேல ஒரு சட்டையை மாட்டிவிட்டுப் போட்டோ பிடிப்பாங்கல்ல, அதுக்குத்தான்யா. வேற எதுக்கு உன் தொப்பையை அளக்கணும் அவங்களுக்கு?"

"நீ என்ன அளவு சொன்ன?"

"நாப்பத்தாறு."

"நான் இப்ப அம்பது, எம்மெட்."

"நீ இங்க வந்தப்ப நாப்பத்தாறு. போட்டோ முடியற வரைக்கும் மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கோ, ஸ்கிப்."

ஸ்கிப். களத்தில் அணியை நடத்தும் மேனேஜரை மட்டும்தான் பேஸ்பாலில் அப்படிக் கூப்பிடுவார்கள். இருபத்து மூன்று வருடமாகத் துணைப் பயிற்சியாளனாகவே இருந்த மெர்ல் அந்தச் சொல்லை அடுத்தவர்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்து யாரும் சொன்னதில்லை. எம்மெட் கிண்டலுக்குத்தான் சொன்னான். ஆனாலும் மெர்லின் காது மடல் சிவந்துபோனது.

ஐம்பத்தேழு வயது. ஆடிய காலத்தில் அவன் கேட்சர், அதாவது பிட்சர் எறியும் பந்தைக் குத்தவைத்து உட்கார்ந்து வாங்குகிறவன். அதிலும் இரண்டாம் கேட்சர். முதல் கேட்சரின் விரல் உடைந்தால், அல்லது அவனுக்குக் குழந்தை பிறந்தால், மெர்லைக் கூப்பிடுவார்கள். பெரிய அணிகளில் அவன் ஆடியது மொத்தம் முப்பத்தொரு ஆட்டம். மீதி நாளெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டு, யார் எப்போது பயப்படுகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தான். வலது கையின் மூன்று விரல்கள் மூன்று திசையில் வளைந்திருந்தன.

இப்படிப்பட்டவர்களைத்தான் மேனேஜராகத் தேடுவார்கள் என்பது அந்த ஆட்டத்தில் ஊரறிந்த விஷயம். சிரமமே இல்லாமல் பந்தை அடித்துப் பழகிய நட்சத்திரத்துக்கு, அடிக்க முடியாமல் தவிப்பவனிடம் என்ன பேசுவது என்று தெரியாது. பெஞ்சில் காய்ந்தவனுக்குத் தெரியும். மெர்லுக்கு இன்னொரு விதத்திலும் நல்ல பெயர் இருந்தது. பிட்சர்கள் அவனிடம் சொன்னது அவனைத் தாண்டிப் போகாது. மனைவி விட்டுப் போனது, தோளில் ஊசி போட்டுக்கொண்டது, ராத்திரி தூக்கம் வராதது எல்லாம் அவனுக்குள் போய் அடைந்துகொள்ளும். கேட்சருக்கு அது தொழில் தர்மம்.

அந்தப் பெயர் இருந்தும் இதுவரை மூன்று முறை நேர்காணலுக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பியிருந்தான். இது நான்காவது. இதற்கு மேல் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பது அவனுக்கும் தெரியும், மனைவி டோரீனுக்கும் தெரியும். டோரீன் அவனுக்காகப் பத்தொன்பது வீடு மாறியவள். அன்று மாலையே கடைக்குப் போய் ஒரு நீல டை வாங்கி வந்தாள்.

"சட்டையை மேல போட்டா டையோட முடிச்சு மட்டும்தான் தெரியும்" என்றான் மெர்ல்.

"அந்த முடிச்சாவது உருப்படியா இருக்கட்டும்."

நேர்காணல் வியாழக்கிழமை. மேனேஜரை வேலைக்கு எடுப்பவர் பெரிய அணியின் பொது மேலாளர். அந்த கோர்டன் லிஸ்க்குக்கு முப்பத்தேழு வயது. பள்ளிக்கூடத்தைத் தாண்டி மட்டையைத் தொட்டதில்லை. ஆனால் மரியாதையான ஆள். முதல் இரண்டு மணி நேரம் மெர்லே நம்ப முடியாத அளவுக்கு நன்றாகப் போனது. ஆட்டத்தின் ஏழாம் பகுதி, ஒரு ரன் முன்னிலை, பிட்சர் களைத்துவிட்டான், என்ன செய்வீர்கள் என்று கேட்டால் மெர்ல் ஒரு வழி அல்ல, மூன்று வழி சொன்னான். எந்த வழியில் எவன் மனம் உடைவான் என்பதையும் சேர்த்துச் சொன்னான். லிஸ்க் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"பிட்சருங்க உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லுவாங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றான் லிஸ்க்.

"சொல்லுவாங்க."

"நீங்க யார்கிட்ட சொல்லுவீங்க?"

மெர்ல் சிரித்தான். லிஸ்க் சிரிக்கவில்லை. மடிக்கணினியைத் திருப்பி, பந்தின் வேகத்தை மெஷின் அளந்து போட்ட ஒரு வரைபடத்தைக் காட்டினான். ஒரு கோடு நேராகப் போய், ஜூலை ஒன்பதாம் தேதியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டே வந்தது. கோட்டின் மேல் வில்மெர் கஸ்தெயானோவின் பெயர்.

வில்மெர், தோமினிக்கன் குடியரசிலிருந்து வந்த இருபத்து நான்கு வயதுப் பிட்சர். ஜூலை ஒன்பதாம் தேதி பயிற்சியில் அவன் பந்தை வாங்கியது மெர்ல்தான். அந்த வயதிலும் முட்டி மடக்கி உட்காருவான். ஆறாவது பந்திலேயே கையுறைக்குள் விழும் சத்தம் மாறியிருந்தது. பளீரென்று கைதட்டுவது போலக் கேட்க வேண்டியது, ஈரத் துணியை உதறுவது போலக் கேட்டது. மெர்ல் எழுந்து போய், "முழங்கையா?" என்று மட்டும் கேட்டான்.

வில்மெருக்குக் கண் கலங்கிவிட்டது. "பெரியவரே, செப்டம்பர்ல மேல கூப்பிடப் போறாங்க. ஒரே ஒரு நாள் மேல நின்னுட்டேன்னா போதும். அதுக்கப்புறம் கை கழண்டு விழுந்தாலும் பரவாயில்ல. சொல்லிடாதீங்க."

"டாக்டர்கிட்ட போடா."

"போனா அடுத்த நிமிஷம் என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

மெர்லுக்குத் தெரிந்ததுதான். உடைந்த விரலை மறைத்து ஆடியதால்தான் அவனுடைய முப்பத்தொரு ஆட்டத்தில் ஒன்பது கிடைத்தது. அவன் சொல்லவில்லை. செப்டம்பரில் வில்மெர் மேலே போனான், இரண்டு ஆட்டம் எறிந்தான், மூன்றாவதில் முழங்கையில் தசைநார் கிழிந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து இப்போது கட்டுப் போட்ட கையோடு சாந்தோ தொமிங்கோவில் அம்மா வீட்டில் இருந்தான்.

"ஜூலை ஒன்பதாம் தேதி நீங்கதான் அவன் பந்தை வாங்கினீங்க. என்ன கவனிச்சீங்க?" என்று கேட்டான் லிஸ்க்.

 தெரியும் என்றால் பையன் வலியை மறைத்தவன் என்று கோப்பில் ஏறிவிடும். கை தேறி வந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். மெர்ல் முப்பத்தைந்து வருடப் பழக்கத்தில் பதில் சொன்னான்.

"ஒண்ணும் கவனிக்கல."

"ஒண்ணுமேயா?"

"நல்லாத்தான் எறிஞ்சான்."

 லிஸ்க் மடிக்கணினியை மூடினான். "சரி. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள எப்படியும் சொல்லிடறோம்" என்றான். கை குலுக்கும்போது அந்த வளைந்த விரல்களைப் பத்திரமாகப் பிடித்து விட்டான்.

வீட்டுக்குக் காரில் திரும்பும்போது மெர்லுக்கு உறைத்தது. தெரிந்தும் மறைத்தான் என்றால் அணிக்குத் துரோகி. தெரியவில்லை என்றால் கண்ணும் கையும் போன கிழவன். எதைச் சொல்லியிருந்தாலும் கதை ஒன்றுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதில் ஒரு சின்ன ஆறுதலும் இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு எம்மெட் வந்தான். சமையலறை மேசையில் உட்கார்ந்து டோரீனின் சோள ரொட்டியை உதிர்த்துக்கொண்டே இருந்தான், தின்னவில்லை.

"நேர்காணலுக்கு வந்த மூணு பேருக்கும் அளவு எடுத்திருக்காங்களாம்யா. மூணு சட்டையும் தைச்சு வெச்சிடுவாங்களாம். என் காதுல உன்னோடது மட்டும் விழுந்திருக்கு" என்றான்.

"பரவாயில்ல. என் சட்டை எனக்குப் பத்தாதுல்ல" என்றான் மெர்ல்.

டோரீன் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எம்மெட் போன பிறகு மூன்று மணிக்கு ஃபோன் அடித்தது. மெர்ல் பாய்ந்து எடுத்தான். வில்மெர்.

"பெரியவரே! வேலை கிடைச்சிடுச்சா?"

"இன்னும் சொல்லலடா. கை எப்படி இருக்கு?"

"கையை விடுங்க. கட்டாயம் கிடைக்கும் பாருங்க, நான் பேசிட்டேன்ல."

"யார்கிட்ட?"

"லிஸ்க் சார்கிட்ட. திங்கக்கிழமை அவரே கூப்பிட்டாரு. உங்களைப் பத்தி மனசுல இருக்கிறதைச் சொல்லுன்னாரு. எல்லாத்தையும் சொல்லிட்டேன். மெஷின் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே ஆறாவது பந்துல என் முழங்கையைக் கண்டுபிடிச்ச மனுஷன், டாக்டர்கிட்ட போன்னு திட்டினாரு, நான்தான் கெஞ்சி வாயை அடைச்சேன்னு சொன்னேன். தப்பு முழுக்க என்னோடதுன்னும் சொல்லிட்டேன். அவரு கோவிச்சுக்கவே இல்ல. இந்த மாதிரி ஆளுதான் எங்களுக்கு வேணும்னாரு, பெரியவரே! அவர் வாயால சொன்னாரு!"

மெர்ல் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான்.

"பெரியவரே? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்டா. நல்லா சொல்லியிருக்க. அம்மாவைக் கேட்டேன்னு சொல்லு."

ஃபோனை வைத்ததும் டோரீனிடம் எல்லாவற்றையும் சொன்னான். ஜூலையில் கேட்ட சத்தத்தை, வியாழக்கிழமை சொன்ன பதிலை, திங்கட்கிழமையே லிஸ்க்குக்கு எல்லாம் தெரிந்திருந்ததை. இவ்வளவு காலத்தில் ஒரு பிட்சரின் விஷயத்தை அவன் வீட்டில் சொல்வது அதுதான் முதல் தடவை.

"அப்படின்னா அந்தாளு உன் கண்ணைச் சோதிக்கல. அவன்கிட்ட நீ நிஜத்தைச் சொல்லுவியான்னு பாத்திருக்கான்" என்றாள் டோரீன்.

"ம்."

"கூப்பிட்டுச் சொல்லு, மெர்ல்."

"இப்ப சொன்னா வேலைக்காகச் சொல்றேன்னு ஆயிடும்."

"வேலைக்காகத்தான் சொல்லேன். வேற எதுக்காக நாம இத்தனை வீடு மாறினோம்?"

சுவர்க் கடிகாரத்தில் மூன்று நாற்பது. வேலை கிடைத்தவனைப் பொது மேலாளரே நேரம் முடியும் முன்பு கூப்பிட்டுவிடுவார். கிடைக்காதவனை நாலு மணிக்குப் பிறகு வேறு யாராவது கூப்பிடுவார்கள். மூன்று முறை அடிபட்டதில் மெர்லுக்கு அது மனப்பாடம். ஃபோனை எடுத்தான். வளைந்த விரல் இரண்டு தடவை தப்பான எண்ணில் பட்டது. மூன்றாவது தடவை லிஸ்க்கின் எண் சரியாக விழுந்தது.

மறுமுனையில் மணி அடித்தது. மெர்ல் எழுந்து நின்றான், பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடப்பட்டவன் போல. "கோர்டன், ஜூலை ஒன்பதாம் தேதி…" என்று சொல்லவேண்டியதை உதட்டுக்குள்ளேயே ஒத்திகை பார்த்துக்கொண்டான். நாற்காலி முதுகில் நீல டை, முடிச்சு அவிழ்க்காமலே, தொங்கியது. டோரீன் அடுப்பை அணைத்தாள், அந்தப் பக்கத்துக் குரல் தனக்கும் கேட்க வேண்டுமென்று.

மணி ஆறாவது தடவை அடித்தது. ஏழாவது தடவையும் அடித்தது. எடுப்பார் யாருமில்லை. அவன் காதிலிருந்து ஃபோனை எடுக்கவில்லை.