மூலைப் படியில் ஒரு தகர வாளி

அவரை எல்லோரும் புழு மாமா என்றே கூப்பிட்டார்கள். ஆயுளில் பாதியைப் பஞ்சர் ஒட்டியே கழித்த மனிதருக்கு நியாயமாக டயர் மாமா என்ற பேர் கிடைத்திருக்க வேண்டும். அத்தை கெடுத்துவிட்டார்.

மீன் தீவனம் எட்டாத விலைக்குப் போன சமயம். வீட்டுக்குப் பின்னால் குளத்தில் வளர்த்த ஜிலேபி மீன்களுக்கு இனி புழுதான் சாப்பாடு என்று அத்தை அறிவித்தார். குளத்தோரம் தொட்டி கட்டி, காய்கறிக் கழிவைக் கொட்டி, குளவி மாதிரி இருக்கும் ஒரு கறுப்பு ஈயை அங்கே முட்டையிட வைத்தார். வளர்ந்த ஈ சாப்பிடவே சாப்பிடாதாம்.

"வாழ்ந்தா அப்படி வாழணும். சமையல் வேலையே இல்ல" என்றார் மாமா.

"சமைக்கிறது நான், அலுத்துக்கிறது நீங்களா?"

அந்த முட்டையில் பொரியும் புழுவை யாரும் போய்ப் பிடிக்க வேண்டியதில்லை. முற்றியதும் தானாகவே தொட்டியின் சாய்வுப் பலகையில் ஏறி, அடுத்த பக்கம் வைத்திருக்கும் தகர வாளியில் விழும். விடிந்ததும் அத்தை அந்த வாளியைக் குளத்தின் மூலைப் படியில் வைத்து மோதிர விரலால் தட்டுவார். டொக் டொக். கொஞ்சம் விட்டு, டொக். மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு ஓடிவரும்.

"கச்சேரி வைக்காம உன் பிள்ளைங்களுக்குச் சோறு இறங்காதா?"

"அதுங்க தட்டினா வருது. உங்களை நான் தொண்டை கிழியக் கத்தணும்."

ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தார் அத்தை. எழுந்திருக்கவில்லை.

சொந்தக்காரர்கள் எல்லோரும் கிளம்பிப்போன மறுநாள் காலை, மாமா பல் தேய்த்துக்கொண்டிருந்தார். டொக் டொக். கொஞ்சம் விட்டு, டொக். வாயில் நுரையோடு ஓடினார். மூலைப் படியில் ஆளில்லை. ஆனால் மீன்கள் எல்லாம் அங்கேதான் கூடி, அண்ணாந்து காத்திருந்தன.

தொட்டிப் பக்கம் போய்ப் பார்த்தார். புழுக்கள் தகர வாளியில் விழுந்துகொண்டிருந்தன. இரண்டு சேர்ந்தாற்போல. கொஞ்சம் விட்டு ஒன்று.

"நீதானா?" என்றார். யாரைக் கேட்டார் என்று அவருக்கே தெரியாது.

பேய் என்றாலாவது ஊரில் நாலு பேரிடம் சொல்லி அழலாம். புழு என் பெண்டாட்டி மாதிரி தட்டுகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? காதில் பஞ்சு வைத்தார். பஞ்சுக்குள்ளும் கேட்டது. கடைசியில் தகர வாளியைப் பரணில் ஏற்றிவிட்டு, பிளாஸ்டிக் வாளி ஒன்றை வைத்தார். சத்தம் நின்றது. மீன்கள் வருவதும் நின்றது.

கை கையாக அள்ளிப் போட்டார். ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. புழு அடியில் அழுகி, தண்ணீர் நாற்றமெடுத்து, தினம் ஒன்றிரண்டு மீன்கள் வயிறு வெளுத்து மிதந்தன.

மகன் போனில் கறாராகச் சொன்னான்: "போதும்ப்பா. குளத்தை வத்த வெச்சு மூடிட்டு எங்ககூட வந்துடுங்க."

மகன் வீட்டில் தாங்கு தாங்கென்று தாங்குவார்கள். ஆனால் அங்கே அத்தை நின்ற இடம் என்று ஓர் அடிகூடக் கிடையாது.

"மீன் மறுபடி சாப்பிட ஆரம்பிச்சா நான் இங்கயே இருக்கேன். இல்லேன்னா வரேன்" என்றார் மாமா.

மீன் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகன் மோட்டாரும் குழாயுமாக வந்து இறங்கினான். அதற்குள் மாமா தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டிருந்தார்.

"இருடா. கடைசியா ஒருவாட்டி போட்டுப் பார்க்கிறேன்."

பரணிலிருந்து தகர வாளியை இறக்கி, மிச்சமிருந்த புழுக்களை அதில் கொட்டி, மூலைப் படியில் வைத்தார். விரலால் தட்டினார். ஒன்றும் வரவில்லை. பஞ்சர்க் கடை ஸ்பேனரால் தட்டினார். தண்ணீருக்குள் தெரிந்த ஒன்றிரண்டு நிழல்களும் விலகி ஓடின. மாமா படியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்கால் மேல் போட்டுக்கொண்டார்.

டொக் டொக்.

கொஞ்சம் விட்டு, டொக்.

தண்ணீர் சுழித்தது. மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு வந்தன.

திரும்பி நின்று மோட்டாருக்குக் குழாய் மாட்டிக்கொண்டிருந்த மகன் சிரித்தான். "அப்படியே அம்மா மாதிரி தட்டுறீங்கப்பா! இதை முன்னாடியே செஞ்சிருந்தா நான் இதையெல்லாம் தூக்கிட்டு வந்திருக்க வேண்டாம்ல?"

மாமா தம் கைகளைப் பார்த்தார். அவை முழங்காலை விட்டு நகரவே இல்லை. கவிழ்த்த தொட்டியைப் பார்த்தார்.

"தோணலடா" என்றார்.

மகன் குழாயைச் சுருட்டி வண்டியில் ஏற்றினான். மாமா எழுந்திருக்கவில்லை. மெல்ல நகர்ந்து, படியில் இன்னொரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டார்.